சாரமும் குதர்க்கமும்

ஆங்கிலத்தின் உயர்நடைச் சொற்களுள் ஒன்றான 'குவிடிட்டி' என்பதற்கு அகராதிகள் இரண்டு பொருள்களை அடுத்தடுத்துத் தருகின்றன. ஒன்றை அதுவாகவே இருக்கச் செய்யும் அடிப்படைத் தன்மை, அதாவது சாரம், என்பது முதற்பொருள். வாதத்தில் கிளப்பப்படும் பயனற்ற நுணுக்கம், அதாவது குதர்க்கம், என்பது இரண்டாம் பொருள். உயர்ந்த பொருளில் வழங்கிய சொல் நாளடைவில் இழிபொருள் பெறுவது எம்மொழியிலும் காணக்கூடியதே. எனினும், மெய்யியல் எதைத் தன் தலையாய தேடலாகக் கொண்டதோ அதன் பெயரும், மெய்யியலாளரைப் பழிக்க ஆளப்பட்ட பெயரும் ஒன்றாகவே நின்றுவிட்டதை வெறும் மொழி விபத்து என்று தள்ளிவிட முடியாது. பொருள்களின் சாரத்தைத் தேடும் முயற்சி குதர்க்கத்தில் முடிந்தே தீருமா, அல்லது நுட்பத்தைக் குதர்க்கத்திலிருந்து பிரித்தறிய ஓர் அளவுகோல் உண்டா என்னும் வினா இச்சொல்லின் வரலாற்றுக்குள் அடங்கியிருக்கிறது. இறையியலின் மிகக் கூரிய சில வேறுபாடுகள் இந்த வினாவோடு பிணைந்தவை என்பதால், இது சமயச் சிந்தனைக்கும் உரிய வினாவாகும்.

இச்சொல்லின் மூலம் 'குவிடிட்டாஸ்' என்னும் இடைக்கால இலத்தீன் சொல். 'என்ன?' என்று பொருள்படும் 'குவித்' என்னும் வினாச்சொல்லோடு தன்மை உணர்த்தும் விகுதியைச் சேர்த்து அதனை ஆக்கினர். தமிழில் அதனை 'யாதாந்தன்மை' எனலாம். அரிஸ்டாட்டில் தம் 'மெட்டாபிசிக்ஸ்' நூலின் ஏழாம் பகுதியில், ஒரு பொருளைப் பற்றிச் சொல்லக்கூடிய பலவற்றுள் அப்பொருள் எதுவென்பதைச் சொல்லும் கூற்றைத் தனியே பிரித்தெடுத்து ஆராய்ந்தார். சாக்ரடீஸ் வெளுத்திருக்கிறார், அமர்ந்திருக்கிறார், ஏதென்ஸில் வாழ்கிறார் என்பன போன்ற கூற்றுகள் மாறினாலும் அவர் சாக்ரடீஸாகவே இருப்பார். அவர் மனிதர் என்னும் கூற்று பொய்யானால் அங்கே சாக்ரடீஸே இல்லை. இவ்வாறு வந்துபோகும் பண்புகளிலிருந்து விலக்கி அறியப்படுவதே சாரம். அதனைச் சொற்களில் வடிப்பது இலக்கணம். 'பகுத்தறிவுடைய விலங்கு' என்பது போல, பேரினத்தையும் அதனுள் ஓரினத்தைப் பிரித்துக்காட்டும் பண்பையும் சேர்த்துச் சொல்வது அதன் வடிவம்.

அரிஸ்டாட்டிலின் இந்தத் தேடலைப் புதிய நிலைக்கு உயர்த்தியவர் பாரசீக மெய்யியலாளரும் மருத்துவருமான இப்னு சீனா (980–1037). 'அது என்ன?' என்னும் அரபு வினாவிலிருந்து பிறந்த 'மாஹிய்யா' என்னும் சொல்லையே அவர் சாரத்துக்கு ஆண்டார். அவருடைய 'கிதாபுஷ் ஷிஃபா' என்னும் பெருநூலின் பகுதிகள் 12ஆம் நூற்றாண்டில் ஸ்பெயினின் டொலீடோ நகரில் இலத்தீனுக்கு வந்தபோது, சாரத்தைப் பற்றிய அவருடைய ஆய்வும் ஐரோப்பியப் பல்கலைக்கழகங்களுக்குள் புகுந்தது. அந்நூலில் குதிரைத்தன்மை பற்றி அவர் நிகழ்த்தும் வாதம் பின்னர் பெரும்புகழ் பெற்றது. குதிரைத்தன்மை என்பது தன்னளவில் குதிரைத்தன்மை மட்டுமே. அது ஒன்றும் அன்று, பலவும் அன்று. உள்ளத்தில் இருப்பதும் அன்று, வெளியே இருப்பதும் அன்று. மேலோட்டமாகப் படிப்பவருக்கு இது சொல்விளையாட்டாகவே தோன்றும். ஆனால், ஒன்றாயிருத்தல் குதிரைத்தன்மையின் கூறாக இருப்பின் உலகில் ஒரே ஒரு குதிரைதான் இருக்க இயலும்; பலவாயிருத்தல் அதன் கூறாக இருப்பின் எந்தத் தனிக்குதிரையும் குதிரையாக இருக்க இயலாது. பல குதிரைகள் உள்ளன, அவற்றுள் ஒவ்வொன்றும் முழுமையாகக் குதிரையே என்னும் எளிய உண்மையை முரணின்றிச் சொல்வதற்கே அவ்வளவு நுட்பம் தேவைப்பட்டது.

சாரத்தையும் இருப்பையும் பிரிக்கும் வேறுபாட்டைக் கிறித்தவ இறையியலின் நடுவிடத்துக்குக் கொண்டுவந்தவர் தோமா அக்குயினாஸ் (இறப்பு 1274). அவர் இளமையில் எழுதிய 'இருப்பும் சாரமும்' என்னும் சிறுநூல், ஒன்று யாது என்று அறிவதும் அது உளது என்று அறிவதும் வெவ்வேறு அறிவுகள் என்பதைக் காட்டுகிறது. எரிந்த சாம்பலிலிருந்து மீண்டும் எழுவதாகக் கூறப்படும் ஃபீனிக்ஸ் பறவை யாது என்பதை ஒருவர் நன்கு விளங்கிக்கொள்ளலாம். அப்படியொரு பறவை உலகில் உண்டா என்பது அந்த விளக்கத்திலிருந்து பெறப்படுவதன்று. ஆகவே படைக்கப்பட்ட எதிலும் சாரம் வேறு, இருப்பு வேறு. தன் சாரத்தால் மட்டுமே எதுவும் இருந்துவிட முடியாததால், அதற்கு இருப்பு பிறிதொன்றிலிருந்து வந்தாக வேண்டும். கடவுளிடத்தில் மட்டுமே சாரமும் இருப்பும் ஒன்று. இந்த வேறுபாட்டை ஏற்காவிடில், உடலற்ற வானதூதர்களைக் கடவுளிடமிருந்து எவ்வாறு வேறுபடுத்துவது என்னும் சிக்கல் எழும். பருப்பொருள் கலவாத தூய வடிவம் என்னும் அளவில் தூதரும் கடவுளும் ஒத்திருக்க, தூதரிடம் சாரமும் இருப்பும் வேறாக நிற்பதே அவரைப் படைப்புப் பொருளாக்குகிறது என்பது அக்குயினாஸின் விடை. ஒற்றை நூலிழை போன்ற இந்த வேறுபாட்டின்மேல் படைப்புக் கோட்பாடு முழுவதும் தொங்குகிறது.

வானதூதர்களைப் பற்றி இடைக்கால இறையியலாளர் மீது சுமத்தப்படும் பெரும்பழியும் இங்கே கருதத்தக்கது. ஊசிமுனையில் எத்தனை தூதர்கள் ஆடலாம் என்று அவர்கள் வாதிட்டதாக வழங்கும் கதை, இடைக்கால நூல்களில் வேர் கொண்டதன்று. 17ஆம் நூற்றாண்டின் ஆங்கிலப் புராட்டஸ்தாந்து எழுத்துகளில்தான் அதனை ஒத்த ஏளனங்கள் தலைகாட்டுகின்றன. அக்குயினாஸ் தம் 'சும்மா தியோலோஜியே' நூலில் உண்மையில் எழுப்பிய வினா, ஒரே இடத்தில் ஒரே நேரத்தில் பல தூதர்கள் இருக்க இயலுமா என்பது. உடல் இல்லாத ஒன்று ஓரிடத்தில் 'இருக்கிறது' என்பதன் பொருளே அங்கு ஆராயப்படுகிறது. உடல் தன் பரப்பால் இடத்தை நிரப்புகிறது; தூதரோ அங்கே தம் ஆற்றலைச் செலுத்துவதால் மட்டுமே அவ்விடத்தில் இருப்பவர் எனப்படுகிறார்; ஒரே செயலுக்கு நேரடியான முழுக்காரணங்கள் இரண்டு இருக்க இயலாதாகையால், இருவர் ஒரே இடத்தில் இருப்பதற்கில்லை என்பது அவருடைய முடிவு. விடையை ஏற்பவர் ஏற்கலாம், மறுப்பவர் மறுக்கலாம். ஆனால் இடம், உடல், செயல் ஆகியவற்றின் உறவைப் பற்றிய அவ்வினா நகைப்புக்குரியதன்று.

நுட்பத்தின் உச்சியாகக் கருதப்பட்டவர் ஸ்காட்லாந்தின் டன்ஸ் என்னும் ஊரினரான பிரான்சிஸ்கன் துறவி ஜான் டன்ஸ் ஸ்கோட்டஸ். ஆக்ஸ்ஃபோர்டிலும் பாரிஸிலும் கற்பித்து, 1308இல் ஜெர்மனியின் கொலோன் நகரில் மறைந்த இவரை, 'நுண்மதி ஆசான்' என்று பொருள்படும் இலத்தீன் பட்டத்தால் இடைக்கால அறிவுலகம் அழைத்தது. இரு பொருள்கள் உண்மையில் வேறாக இருக்கலாம், அல்லது நம் அறிவு மட்டுமே அவற்றை வேறாகக் கருதலாம் என்னும் இரண்டு நிலைகளுக்கு இடையே மூன்றாவதாக ஒன்றை அவர் வகுத்தார். பிரிக்கவே இயலாதவாறு ஒன்றாக இருப்பவற்றினுள்ளும், நம் எண்ணத்தைச் சாராத வடிவ வேறுபாடு இருக்கக்கூடும் என்பது அவர் கொள்கை. கடவுளின் நீதியும் இரக்கமும் இரு வேறு பொருள்கள் எனின் கடவுளின் ஒருமை சிதையும். அவ்வேறுபாடு மனிதரின் கற்பனை மட்டுமே எனின், கடவுள் இரக்கமுள்ளவர் என்பதும் நீதியுள்ளவர் என்பதும் ஒரே கூற்றாகிவிடும். இவ்விரு விளைவுகளையும் ஒருசேர விலக்குவதற்கே அந்த மூன்றாம் வகை தோன்றியது. பல தனிப்பொருள்கள் ஒரே யாதாந்தன்மையைப் பகிர்ந்துகொள்ளும்போது, இந்தக் குதிரையை அந்தக் குதிரையிலிருந்து வேறாக்குவது எது என்னும் வினாவுக்கு விடையாக அவர் சுட்டியதும் நுட்பமானதே. பின்னாளில் 'ஹெக்ஸேயிட்டாஸ்' என்று பெயர்பெற்ற அதனைத் தமிழில் 'இதுவாந்தன்மை' எனலாம்.

ஸ்கோட்டஸின் நுட்பம் கோட்பாட்டளவில் நின்றுவிடவில்லை என்பதற்கு மரியாவின் அமல உற்பவம் பற்றிய விவாதம் சான்று. மரியா கருவான கணத்திலிருந்தே பிறப்புநிலைப் பாவம் தீண்டாதவர் என்றால், கிறிஸ்துவின் மீட்பு அவருக்குத் தேவையற்றதாகிவிடும்; கிறிஸ்து மனிதர் அனைவருக்கும் மீட்பர் என்னும் அடிப்படை நம்பிக்கையே அதனால் தளரும் என்பது அக்குயினாஸ் உள்ளிட்ட பெரியோரின் தடை. ஸ்கோட்டஸ் இதற்கு இரண்டு வேறுபாடுகளால் விடையளித்தார். விழுந்தவரைத் தூக்குவது மீட்பு என்றால், விழாமல் காப்பது அதனினும் நிறைவான மீட்பு என்பது முதலாவது. மரியா ஆதாமின் வழித்தோன்றல் என்பது இயல்பின் வரிசையில் அருளுக்கு முந்தியது. ஆனால் காலத்தின் வரிசையில் அருளுக்கு முந்திய கணம் என ஒன்று இல்லை என்பது இரண்டாவது. 500 ஆண்டுகளுக்கு மேல் நீண்ட பூசலுக்குப் பிறகு, 1854ஆம் ஆண்டு டிசம்பர் 8ஆம் நாள் திருத்தந்தை ஒன்பதாம் பயஸ் இதனை விசுவாசக் கோட்பாடாக அறிவித்தபோது, மரியா மீட்பினின்று விலக்கப்பட்டவர் என்று கூறாமல், கிறிஸ்துவின் பேறுபலன்களை முன்னிட்டுக் காக்கப்பட்டவர் என்றே கூறினார். அக்கோட்பாட்டை ஏற்காத சபைகளும், முரணாகத் தோன்றிய இரு நம்பிக்கைகளை இந்த வேறுபாடுகளே இணைத்துவைத்தன என்பதை மறுப்பதற்கில்லை.

இத்தகைய கருவிகள் எவ்வாறு ஏளனத்துக்கு ஆளாயின? முதல் தாக்குதல் அந்த மரபின் உள்ளிருந்தே வந்தது. வில்லியம் ஆக்கம் (இறப்பு 1347), தேவையின்றிப் பொருள்களைப் பெருக்கலாகாது என்னும் நெறியைக் கொண்டு, பொதுத்தன்மைகள் எவையும் தனிப்பொருள்களுக்குள் உறைவனவல்ல, அவை எண்ணங்களும் பெயர்களுமே என்று வாதிட்டார். இது நுட்பத்தைக் கைவிட்ட எளிமையன்று. ஆக்கத்தின் தருக்கமும் ஸ்கோட்டஸின் தருக்கத்துக்கு இணையான நுட்பம் வாய்ந்ததே. ஆனால் அடுத்த இரு நூற்றாண்டுகளில், தோமாவியர், ஸ்கோட்டியர், ஆக்கத்தைப் பின்பற்றியோர் எனப் பள்ளிகள் பிரிந்து, மாணவர்கள் தத்தம் ஆசானின் வேறுபாடுகளை மனப்பாடம் செய்து எதிர்ப்பள்ளியை மடக்குவதே கல்வி என்றாயிற்று. எந்த வினாவுக்கு விடையாக ஒரு வேறுபாடு பிறந்ததோ அந்த வினா மங்கி, வேறுபாடு மட்டும் கலைச்சொல்லாக எஞ்சியது. மறுமலர்ச்சிக்கால அறிஞர் எராஸ்முஸ் 1511இல் வெளியிட்ட 'மடமையின் புகழ்ச்சி' நூலில் யாதாந்தன்மைகளையும் இதுவாந்தன்மைகளையும் அடுக்கி இறையியலாளரை எள்ளிநகையாடியது இச்சூழலில்தான். திருத்தூதர்கள் இந்தச் சொற்களில் ஒன்றையும் அறியாமலே விசுவாசத்தைப் பரப்பினர் என்பது அவருடைய ஏளனத்தின் உட்கிடை.

இங்கிலாந்தில் அந்த ஏளனம் அரசாணையின் வலிமையையும் பெற்றது. மன்னர் எட்டாம் ஹென்றி ரோமைவிட்டுப் பிரிந்த பின்னர், அவருடைய அமைச்சர் தாமஸ் கிராம்வெல்லின் ஆணையர்கள் 1535இல் ஆக்ஸ்ஃபோர்டுக்குச் சென்று ஸ்கோட்டஸின் நூல்களைப் பாடத்திலிருந்து அகற்றினர். ஆணையர்களுள் ஒருவரான ரிச்சர்ட் லேட்டன், ஸ்கோட்டஸைச் சிறையிலடைத்துவிட்டதாகக் கேலியாக எழுதியனுப்பிய அறிக்கை, நியூ கல்லூரியின் முற்றம் முழுவதும் அவர் நூலின் தாள்கள் காற்றில் பறந்ததையும், ஒருவர் மான்களை மிரட்டித் தம் காட்டுக்குள் நிறுத்துவதற்காக அத்தாள்களைப் பொறுக்கிக்கொண்டிருந்ததையும் விவரிக்கிறது. அந்நூற்றாண்டிலேயே 'டன்ஸ்' என்னும் அவருடைய ஊர்ப்பெயர், ஆங்கிலத்தில் மந்தபுத்திக்காரரைக் குறிக்கும் வசைச்சொல்லாயிற்று. நுண்மதி ஆசானின் பெயர் மூடனுக்குப் பெயரானதும், சாரத்தைக் குறித்த சொல் குதர்க்கத்தைக் குறித்ததும் ஒரே வெறுப்பின் விளைவுகளாகும்.

இழிபொருளை நிலைபெறச் செய்ததில் நீதிமன்றத்துக்கும் பங்குண்டு. வழக்கறிஞரின் தொழில், சட்டச் சொற்களின் எல்லைகளை வகுத்து, ஒரு வழக்கு அவ்வெல்லைக்கு உள்ளே வருமா வெளியே நிற்குமா என்று வாதிடுவது. ஆகவே பள்ளிமெய்யியலின் கலைச்சொல் அவர்கள்மீது எளிதாக ஒட்டிக்கொண்டது. ஏறத்தாழ 1600இல் ஷேக்ஸ்பியர் எழுதிய 'ஹாம்லெட்' நாடகத்தின் இடுகாட்டுக் காட்சியில், வெட்டியெடுக்கப்பட்ட ஒரு மண்டையோட்டை வழக்கறிஞருடையதாகக் கற்பனை செய்யும் இளவரசன், அவருடைய குவிடிட்டிகளெல்லாம் இப்போது எங்கே போயின என்று கேட்கிறான். அங்கே அச்சொல் சட்டத் தந்திரங்களோடும் நிலவுரிமை ஆவணங்களோடும் ஒரே வரிசையில் வைக்கப்படுகிறது. பன்மையில் ஆளப்படும்போது அச்சொல் பெரும்பாலும் ஏளனக் குறிப்போடு வருவது இன்றைய ஆங்கிலத்திலும் காணக்கூடிய வழக்கமே.

17ஆம் நூற்றாண்டின் எதிர்ப்பு வேறு தளத்தைச் சேர்ந்தது. தாமஸ் ஹாப்ஸ் 1651இல் வெளியிட்ட 'லெவையதன்' நூலில், உடலினின்று பிரிந்து நிற்கும் சாரங்கள் என்னும் கொள்கை பொருளற்ற சொற்களின் கோவை என்றும், அத்தகைய வெற்றுப் பெயர்களால் மக்களை அச்சுறுத்திச் சமயகுருமார் அரசின் அதிகாரத்தைக் குறைக்கின்றனர் என்றும் குற்றஞ்சாட்டினார். பிரெஞ்சு நாடகாசிரியர் மோலியேரின் 1673ஆம் ஆண்டு நாடகம் ஒன்றில், அபின் ஏன் உறக்கம் தருகிறது என்னும் வினாவுக்கு, அதனிடம் உறங்கச்செய்யும் ஆற்றல் இருப்பதால் என்று மருத்துவ மாணவன் விடையளித்துத் தேர்ச்சி பெறுகிறான். இந்த நகைச்சுவை இலக்கைத் தவறாமல் தைக்கிறது. வினாவில் இருந்ததையே பெயராக மாற்றி விடையாகத் தருவது விளக்கமாகாது. ஜான் லாக் மேலும் நிதானமாக, பொருளின் உண்மைச் சாரம் வேறு, பெயரளவுச் சாரம் வேறு என்று பகுத்தார். மஞ்சள் நிறம், கனம், உருகுந்தன்மை போன்ற பண்புகளைக் கொண்டு நாம் பொன்னுக்கு வகுத்துக்கொள்வது பெயரளவுச் சாரம். அப்பண்புகளுக்கெல்லாம் மூலமான உள்ளமைப்பாகிய உண்மைச் சாரம் நம் அறிவுக்கு எட்டாதது என்பது அவர் கருத்து. சாரங்களை அறிந்துவிட்டதாகக் கூறிய மரபைக் கண்டிக்க அவர் கையாண்ட கருவியும் ஒரு நுண்ணிய வேறுபாடே என்பது மறக்கத்தக்கதன்று.

லாக் அறியவொண்ணாதது என்றதை வேதியியல் பின்னர் அறிந்தது. பொன்னின் அணுவெண் 79. இதனை முன்னிறுத்தி, 1970இல் பிரின்ஸ்டன் பல்கலைக்கழகத்தில் ஆற்றிய உரைகளில் மெய்யியலாளர் சால் கிரிப்கி, ஆய்வுக்கூடத்தில் மட்டுமே கண்டறியக்கூடிய ஓர் உண்மை, அதே வேளையில் வேறுவிதமாக இருந்திருக்கவே முடியாத உண்மையாகவும் இருக்கலாம் என்று வாதிட்டார். மஞ்சளாக இல்லாத பொன்னைக் கற்பனை செய்யலாம். 79 அல்லாத அணுவெண் கொண்ட பொருள், பார்வைக்கு எவ்வளவு ஒத்திருந்தாலும், பொன்னன்று. வழக்கொழிந்ததாகக் கருதப்பட்ட சாரக் கொள்கை இதனால் மீண்டும் பகுத்தாய்வு மெய்யியலின் நடுவே வந்தது. இன்றைய மெய்யியல் இதழ்களில் யாதாந்தன்மையும் இதுவாந்தன்மையும் ஏளனமின்றி விவாதிக்கப்படுகின்றன. சாரக் கொள்கையின் கடும் எதிரியான மெய்யியலாளர் குவைன் 1987இல் வெளியிட்ட அகராதி வடிவக் கட்டுரைத் தொகுப்புக்கு 'குவிடிட்டிஸ்' என்றே பெயரிட்டதில், தாம் மறுத்த பொருளையும் தாம் விரும்பிய நுணுக்க ஆய்வையும் ஒரே சொல்லில் சீண்டும் குறும்பு உண்டு. ஜேம்ஸ் ஜாய்ஸின் 1916ஆம் ஆண்டுப் புதினத்தில் இளைஞன் ஸ்டீபன், அழகுக்கு அக்குயினாஸ் கூறும் இயல்புகளுள் ஒன்றான ஒளிர்வை ஒரு பொருளின் யாதாந்தன்மை என்றே விளக்குகிறான். இவ்வாறு அச்சொல்லின் உயர்பொருளும் அழியாமல் நிற்கிறது.

இவ்வரலாற்றைத் தொகுத்து நோக்கும்போது, நுட்பத்தையும் குதர்க்கத்தையும் பிரிக்கும் கோடு வேறுபாட்டின் மென்மையில் இல்லை என்பது தெளிவாகும். இயல்பின் முன்மைக்கும் காலத்தின் முன்மைக்கும் இடையே உள்ள வேறுபாட்டைவிட மென்மையானது அரிது; எனினும் அதனை நீக்கினால், ஒரு சமூகம் உண்மையெனக் கொண்ட இரு கூற்றுகள் ஒன்றையொன்று அழித்துவிடும். அபினின் உறங்கச்செய்யும் ஆற்றலோ, நீக்கப்பட்டாலும் எந்த முரணையும் விளைவிக்காது. எந்தத் தவறான முடிவையும் அது தடுத்து நிறுத்தியிருக்கவில்லை. ஆகவே ஒரு வேறுபாட்டின் தகுதியை அறிய விரும்புபவர் கேட்கத்தக்கது, அது எவ்வளவு நுண்ணியது என்பதன்று; அது இல்லாவிடில் எந்தப் பிழை தடுக்கப்படாமல் போகும் என்பதே. ஒன்றும் போகாது எனில் அது குதர்க்கம்.

ஆயினும் இந்த அளவுகோலைக் கையாள்வது எளிதன்று. ஒரு வேறுபாடு தடுக்கும் பிழை, அவ்வேறுபாட்டைத் தோற்றுவித்த வினாவை அறிந்தவருக்கே புலப்படும். மீட்பின் பொதுமையைப் பற்றிய தடையை அறியாதவருக்கு ஸ்கோட்டஸின் விடை வீண்பேச்சாகவே ஒலிக்கும். தூதர்களின் இருப்பிடம் பற்றிய ஆய்வு ஊசிமுனைக் கதையாகத் திரிந்ததும், வினாவை விட்டுவிட்டு விடையின் ஒலியை மட்டும் கேட்டதால்தான். இந்தக் குற்றம் ஏளனம் செய்தவருக்கு மட்டும் உரியதன்று. ஆசானின் கலைச்சொற்களை வினாவின்றி மனப்பாடம் செய்த மாணவரும் அதே குற்றத்தையே முன்னதாகச் செய்தனர். எராஸ்முஸ் எள்ளி நகைத்தது பெரும்பாலும் அவர்களிடமிருந்து கேட்டவற்றையே. எனவே ஒரு சமய மரபின் நுண்ணிய வேறுபாடுகளைக் காக்க விரும்புவோர் செய்யத்தக்கது, அவற்றின் சொற்களைக் கையளிப்பதைவிட, அவை எந்தத் தடைக்கு விடையாக எழுந்தனவோ அத்தடையை அதன் முழு வலிமையோடு ஒவ்வொரு தலைமுறைக்கும் மீண்டும் எடுத்துரைப்பதாகும். தடையை எடுத்துரைக்க அஞ்சும் மரபில், விடைகள் எவ்வளவு கூர்மையானவையாயினும், கேட்போர் செவியில் குதர்க்கமாகவே விழும்.